ஏழாம் எண்

பத்தொன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
பேருந்து மூச்சுவாங்கும் இடத்துக்கு மேலே
ஒரு சில்வர் ஓக் விழுந்து கிடக்கிறது.
பட்டையில் விசிறி விசிறியாய் முளைத்திருந்த காளானை
பிளேடால் சீவி காகித உறையில் போட்டு
மேலே எழுதினேன்: ஆகஸ்ட் பதினொன்று, தூறல்.
இதில் மலை அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் கீழே சேலத்தில்,
ஏசி பாதி நேரம் ஓடாத இரண்டாம் மாடியில்.

வெந்நீரில் எட்டு மணி நேரம்.
வடிகட்டி, எத்தனால் ஊற்றினால்
திரிந்த பால் மாதிரி ஒன்று அடியில் தங்கும்.
உலர்த்தினால் பொடி.
நக்கினால் ருசியே இல்லை
(நக்கினேன். பதிவேட்டில் எழுதவில்லை).

பீட்டா குளுக்கான் என்கிறோம்.
வெறும் சர்க்கரைதான்.
ஆத்தூர் சாலையோரக் களங்களில்
வெயிலுக்குக் கண் கூசக் காய்கிறதே ஜவ்வரிசி மாவு,
அதற்குள் இருக்கும் அதே சர்க்கரை.
ஒன்றின் கையை ஒன்று பிடித்து நிற்கும் நீண்ட வரிசை.
அங்கே கை ஒரு பக்கமாய் மடங்கியிருக்கிறது,
இங்கே மறுபக்கமாய்.
அதற்குப் போய்
ஒன்றைப் பாயசம் என்று வாங்கிக்கொள்ளும் உடம்பு
மற்றதைக் கண்டதும்
யாரது என்று எழுந்து நிற்கிறது.

நாற்பது வெள்ளைச் சுண்டெலிகள், உமி பரப்பிய பெட்டிகள்.
வாலில் எழுதிய எண் மூன்று நாளில் அழியும்.
மாதப்பன் திரும்ப எழுதுவார்.
முன்பு மாக்னசைட் சுரங்கத்தில் இருந்தவர்.
இருமினால் இப்போதும்
கைக்குட்டையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார்.

முதல் பத்துக்கு உப்புநீர்.
அடுத்த பத்துகளுக்குப் பொடி,
கொஞ்சம், நடுத்தரம், நிறைய.
பதினான்கு நாள்.
பதினைந்தாம் நாளைப் பற்றி
நெறிமுறைக் குழுவின் படிவம் நன்றாகவே எழுதியிருக்கிறது,
நான் வேறு எதற்கு.

வயிற்றறையைக் கழுவிய நீரில் விழுங்கணுக்கள்.
அவற்றுக்கு ஈஸ்ட் பரிமாறி
யார் எத்தனை தின்றார் என்று
நுண்ணோக்கிக்கு அடியில் எண்ணுவது என் வேலை,
கட்டைவிரலால் எண்ணியைத் தட்டித் தட்டி
இரவு பதினொன்றரை வரை.
உப்புநீர்க்காரர்கள் இரண்டு, மூன்று.
நடுத்தரத்தில் ஏழு, எட்டு;
ஒன்று பதினொன்று தின்று
கல்யாணப் பந்தியில் கடைசியாய் எழும் ஆள் போல
நகர முடியாமல் கிடந்தது.
நிறைய கொடுத்தவற்றில் நான்கு. நான்கு. ஐந்து.
மூன்று முறை எண்ணினேன்.

மாதப்பன் பழமொழி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.
வரைபடத்தை உற்றுப் பார்த்தவர்
"ஏற்காடு ரோடாட்டம் இருக்குது" என்றார்.
"ஏறுது, அப்புறம் இறங்குது."
பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டே,
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டே,
"மனுசனுக்குக் கொஞ்சம் குடுத்தா?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
இது எலிண்ணா. இருபத்தைந்து கிராம்.
எட்டு வார வயசு.
எல்லாம் ஒரே வம்சம். எந்த நோயும் பார்க்காதது.
சுரங்கத்துக்குப் போகாதது
என்று சொல்லவில்லை.
குளிர்பெட்டி உறுமி நின்றது.
கடைசி பஸ் போய்விட்டது என்று கேட்டவர் போலத்
தலையாட்டினார்.

எழுத இடமில்லாத ஒன்று.
உப்புநீர்க் கூட்டத்தில் ஏழாம் எண்,
கடைசி நாள் தூக்கியபோது
கையுறையைத் துளைத்துக் கடித்தது.
பொடி ஏதும் தின்னாமலே
எதிர்த்தது.
அதன் விழுங்கணுக்கள் இரண்டுதான் தின்றன,
நானே எண்ணினேன்,
கடிபட்ட இதே விரலால்.

அஸ்தம்பட்டி நிறுத்தத்தில் நிற்கிறேன்.
விரல் சிவந்து, சூடாகி, விண்ணென்கிறது.
எலி விட்டுப்போனதைத் தின்ன
உள்ளே எவையோ வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன,
இரண்டோ, பதினொன்றோ.